என் வீட்டுக்காரர் பார்த்த வேலை

கல்யாணமாகி முப்பது வருஷம் கடந்த பிறகுதான் என் வீட்டுக்காரர் என்ன வேலை பார்த்தார் என்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்தது என்று எழுதிவிட்டேன். அது சரியான சொல்தானா என்று இப்போதும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

பெண் பார்க்க வந்தபோது அவர் வீட்டில் சொன்னது இவ்வளவுதான்: மத்திய அரசு வேலை, வடக்கே ஒரு தொழிற்சாலை, கெமிக்கல் பிரிவு. சின்னமனூரில் நெல்வயலை மட்டும் நம்பியிருந்த என் அப்பாவுக்கு முதல் இரண்டு சொற்களே போதுமாக இருந்தன. எனக்குக் கடைசிச் சொல் பிடித்திருந்தது. நான் வேதியியல் படித்துவிட்டு ஆசிரியர் வேலைக்குப் பதிந்து காத்திருந்தவள். வீட்டில் பேசிக்கொள்ள ஒரு பொது விஷயம் இருக்கும் என்று நினைத்தேன்.

கல்யாணத்துக்கு மறுநாளே கேட்டேன். "அங்கன என்ன செய்றீங்க?"

"பெயிண்ட்" என்றார். "ராணுவ வண்டிகளுக்கு அடிக்கிற பெயிண்ட்."

எனக்குத் தெரிந்த அளவில் சாயங்களைப் பற்றியும் அவற்றில் சேர்க்கும் ஆக்சைடுகளைப் பற்றியும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். சந்தேகப்படக் காரணம் எதுவும் இல்லை.

சில மாதங்களில் எனக்குத் தேனிப் பக்கத்திலேயே அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தது. அதன் பிறகு அவர் அங்கே, நான் இங்கே. பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் வருவார். மகள் என்னோடு வளர்ந்தாள். ராணுவத்தில் இருப்பவர்களின் வீடுகளும், துபாய் போனவர்களின் வீடுகளும் எங்கள் தெருவில் இருந்ததால் எங்கள் வாழ்க்கை யாருக்கும் வினோதமாகத் தெரியவில்லை. "உங்க வீட்டுக்காரர் எங்கன வேலை பாக்குறாக?" என்று யாராவது கேட்டால் பெயிண்ட் கம்பெனி என்று சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் மகளும் இருந்த பழனிசெட்டிபட்டி வீட்டுக்கு ஒரேயடியாக வந்து சேர்ந்தார்.

ஒரே வீட்டில் முழு வருஷமும் இருக்கத் தொடங்கிய பிறகுதான் அவருடைய சில பழக்கங்கள் என் கண்ணில் பட்டன. சாப்பிட உட்காரும் முன் முழங்கை வரை மூன்று தடவை கழுவுவார். பூண்டு வதக்கினால் எழுந்து வெளியே போய்விடுவார். பூண்டுக் குழம்பு இல்லாமல் சோறு இறங்காத கூடலூர்க் குடும்பத்தில் பிறந்தவர் அவர். வடக்கே இருந்து நாக்கு மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அவர் நடைக்குப் போகும் நேரத்தில் தாளித்து முடித்துவிடுவேன். இடது மணிக்கட்டில் ஒரு ரூபாய்க் காசளவுக்குத் தோல் வெளுத்து இருக்கும். நீராவி பட்டது என்று எப்போதோ சொல்லியிருந்தார்.

போன வருஷம் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பொது அறிவுப் போட்டிக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். அதை மேற்பார்க்கும் பொறுப்பு எனக்கு. ஒரு நாள் மதியம் கையேட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

"டீச்சர், ரசாயன ஆயுதம் வச்சிருந்து பிறகு முழுசா அழிச்ச நாடுகள்னு ஒரு பட்டியல் இருக்கு. இதுல நம்ம நாடும் இருக்கு."

"அச்சுப் பிழையா இருக்கும்" என்றேன்.

"அப்ப போட்டியில என்ன எழுதட்டும்?"

பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, கைபேசியில் தேடினேன். அச்சுப் பிழை இல்லை. எங்களிடம் அப்படி எதுவும் கிடையாது என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்த நம் நாடு, உலக ஒப்பந்தம் ஒன்றில் சேர்ந்தபோது, இருக்கிறது என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்து பார்த்து, முத்திரை வைத்து, அவர்கள் கண்ணெதிரில் பல வருஷம் அழித்திருக்கிறார்கள். பெரும்பாலும் மஸ்டர்ட் வாயு. தமிழ்ப் பாடப் புத்தகத்தில் கடுகு வாயு என்று போட்டிருக்கும். அது வாயு இல்லை, எண்ணெய் மாதிரி ஒரு திரவம். தோலில் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது, பல மணி நேரம் கழித்துக் கொப்பளிக்கும். பூண்டு வாசனை அடிக்கும். இதையெல்லாம் நானே வகுப்பில் முதல் உலகப் போரைச் சொல்லும்போது சொல்லியிருக்கிறேன். பூண்டு என்ற சொல்லை எத்தனை வருஷமாகக் கரும்பலகை முன் நின்று சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. அன்றைக்குத்தான் அது காதில் விழுந்தது.

அழிக்கத் தொடங்கிய வருஷத்தையும் முடித்த வருஷத்தையும் மகளுடைய வகுப்புகளோடு வைத்துப் பார்த்தேன். வருஷங்களை நான் அப்படித்தான் நினைவு வைத்திருக்கிறேன். முடித்த வருஷம் அவள் ஐந்தாம் வகுப்பு. அந்தக் கோடையில் அவர் ஒரு எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டு செட்டோடு வந்திருந்தார். பிரிவில் எல்லோருக்கும் கொடுத்தார்களாம். "எதுக்கு?" என்று கேட்டதற்கு, "ஒரு புராஜெக்ட் முடிஞ்சுச்சு" என்றார். வழக்கமாக இப்படிக் கொடுக்கும் பாத்திரத்தில் ஏதாவது பெயர் பொறித்திருக்கும். அதில் எதுவும் இல்லை. நல்லதாகப் போயிற்று, யாருக்காவது சீர் வைக்க ஆகும் என்று சொன்னது நான்தான்.

இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. மகள் ஒன்றாம் வகுப்பு முடித்த கோடையில் நாங்கள் இருவரும் ஒரு மாதம் அவருடைய குடியிருப்பில் போய்த் தங்கியிருந்தோம். விருந்தினர் விடுதிச் சமையல்காரர் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டார் என்று, குடியிருப்புப் பெண்கள் சிலர் இரண்டு நாள் காலைப் பலகாரம் செய்து கொடுத்தோம். நான் இட்லியும் தேங்காய்ச் சட்டினியும் செய்தேன். சாப்பிட்டவர்கள் ஐந்தாறு வெளிநாட்டுக்காரர்கள். மெஷின் பார்க்க வந்த கம்பெனி ஆட்கள் என்று சொல்லியிருந்தார்கள். அதில் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு அம்மாள் என்னிடம் வந்து நன்றி சொல்லிவிட்டு, "உங்கள் கணவர் எதிலும் அவசரப்படுவதில்லை. எங்கள் எல்லோருக்கும் அது நல்லது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பெயிண்டில் அவசரப்படாமல் இருப்பதில் இந்த அம்மாளுக்கு என்ன நன்மை என்று அப்போது ஒரு நொடி தோன்றியது. பிறகு மறந்துவிட்டேன்.

மறுநாள் அந்த மாணவியிடம், பட்டியல் சரிதான், அப்படியே எழுது என்றேன். "அதை எங்க டீச்சர் வச்சிருந்தாங்க?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அதுவும் உண்மைதானா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை என் வீட்டுக்காரர் மாடியில் காயப்போட்ட துணிகளை எடுத்து வந்து கட்டிலில் மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏங்க, நம்ம நாட்டுல விஷவாயு குண்டு இருந்துச்சாமே."

கை நின்றது. "யாரு சொன்னா?"

"புத்தகத்துல போட்டிருக்கு. ஊரு உலகத்துக்கே எப்பவோ தெரியுமாம். எனக்குத்தான் இப்பத் தெரியுது. நீங்க அங்கனதான் இருந்தீங்களா?"

என் சேலையைத் தப்பாக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேம்மா. கேக்காத."

அதற்கு மேல் என்ன கேட்பது? அவர் சொன்னது பதில்தான். ஆனால் எதற்கு என்று தெரியாத பதில். அழித்தார் என்றால் பெருமைப்பட வேண்டும். அழிப்பதற்கு முன்னாலும் பத்துப் பன்னிரண்டு வருஷம் அதே இடத்தில் இருந்திருக்கிறார். அப்போது என்ன செய்தார்? இத்தனை வருஷம் என்னிடம் பொய் சொன்னாரே என்று கோபப்படலாமா, சொல்லக்கூடாது என்ற கட்டளைக்கு நேர்மையாக இருந்தாரே என்று பாராட்டலாமா? ஒரு நாள் ஒன்று தோன்றும், மறுநாள் இன்னொன்று. பரிமாறும்போது அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் அதைக் கவனித்து, கையை மடியில் வைத்துக்கொள்வார்.

மகளுக்கு ஃபோன் செய்தேன். அவள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். சுற்றி வளைத்துச் சொன்னேன்.

"அம்மா, எனக்குத் தெரியும்மா. காலேஜ்ல படிக்கிறப்பவே தேடிப் பார்த்துட்டேன். அப்பா இருந்த ஊரு, வருஷம் எல்லாம் வச்சு யூகிச்சேன். அப்பாகிட்ட கேக்கல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நினைச்சேன். நீ கெமிஸ்ட்ரி டீச்சர்தானேம்மா."



இது நடந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடலூருக்கு, என் கொழுந்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். என் வீட்டுக்காரருடைய ஒரே தம்பி. திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். மருந்தடிக்கும் நாளில் என் வீட்டுக்காரர் தோட்டத்துப் பக்கம் போகவே மாட்டார். அன்றைக்குக் காலையிலேயே அடித்து முடித்தாயிற்று என்று நினைத்து, மதியச் சாப்பாட்டுக்குத் தம்பியைக் கூப்பிட நாங்கள் இருவரும் நடந்தே போனோம்.

முடிந்திருக்கவில்லை. கொழுந்தனார் பனியனும் லுங்கியுமாக, வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு பந்தலுக்கடியில் ஸ்பிரேயர் குழாயோடு நின்றிருந்தார். மருந்து மேலே போய் அவர் மேலேயே இறங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் வரப்பிலேயே நின்றுவிட்டார். என் கையைப் பிடித்துக் காற்று வரும் பக்கமாக இழுத்து நிறுத்தினார்.

"ஏலே, போதும், வெளிய வா" என்று கூப்பிட்டார்.

"இன்னும் ரெண்டு பத்திதாண்ணே" என்றார் கொழுந்தனார். அடுத்த கொடி வரிசைக்குத் திரும்பியவர் அங்கேயே குந்தினார். தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு குப்புற விழுந்தார்.

அதன் பிறகு என் வீட்டுக்காரரை நான் பார்த்த மாதிரி அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஓடவில்லை. மோட்டாரை நிறுத்தினார். கைக்குக் கிடைத்த பாலிதீன் உரச்சாக்குகளைக் கைகளில் சுற்றிக்கொண்டார். எனக்கும் சுற்றிவிட்டார். தம்பியை அக்குளில் பிடித்துக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு வந்தார். பனியனையும் லுங்கியையும் கத்தியால் கிழித்து எடுத்தார். மேலே தூக்கிக் கழற்றினால் முகத்தில் படும் என்று சொல்லிக்கொண்டே கிழித்தார். போர்வெல் தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுத் தலையிலிருந்து கால்வரை கழுவினார். "தேய்க்காத, ஊத்து" என்று என்னிடம் சொன்னார். கொழுந்தனாருக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. வாயில் எச்சில் ஒழுகியது. என் வீட்டுக்காரர் தம்பியின் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "குண்டூசி முனை" என்றார். கண்பாவை அவ்வளவு சின்னதாகிவிட்டது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

குமுளியில் ஆள் இறக்கிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்த ஜீப் ஒன்றை ரோட்டில் நிறுத்தி, கம்பம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருந்து பாட்டிலை ஒரு பையில் போட்டுக் கட்டி எடுத்து வந்திருந்தார். என் ஓரகத்தியும் ஜீப்பில் ஏறிக்கொண்டாள். வழி முழுக்கக் கணவனுடைய காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். எத்தனை மணிக்கு விழுந்தான், கண் எப்படி இருந்தது, என்ன மருந்து, எவ்வளவு நேரம் கழுவினோம், ஊசி எது போட வேண்டும்.

"தெரியும் சார்" என்றார் டாக்டர், ஊசியை ஏற்றிக்கொண்டே. "இந்தப் பக்கம் நாங்க அடிக்கடி பார்க்கிறதுதான். நீங்க கழுவிக் கொண்டுவந்தது நல்லதாப் போச்சு." பிறகு நிமிர்ந்து பார்த்தார். "நீங்க மெடிக்கல் லைனா சார்?"

"இல்லைங்க."

"அப்புறம் எப்படி இவ்வளவு தெரியும்?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைக் காப்பாற்றியிருக்கலாம். நான் கெமிஸ்ட்ரி டீச்சர், நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். நான் பேசாமல் இருந்தேன். டாக்டர் அடுத்த நோயாளியிடம் போய்விட்டார்.

தாழ்வாரத்தில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஓரகத்தி உள்ளே கட்டில் பக்கத்தில் இருந்தாள். என் வீட்டுக்காரருடைய வேட்டி நனைந்து மண்ணாகி இருந்தது.

"அங்கன ஒரு சொட்டுத் தரையில விழுந்தா பெல் அடிக்கும்" என்று ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. "எல்லாரும் அப்படியே நிப்போம். தலையிலருந்து கால்வரைக்கும் ரப்பர் சட்டை. அந்தச் சொட்டு எங்கன போச்சு, யாரு மேல பட்டுச்சுன்னு பாத்து, கழுவி, எழுதி, கையெழுத்துப் போட்டு, அப்புறந்தான் அடுத்த வேலை. இங்கன என் தம்பி டிரம்முல ஊத்திக் கையால கலக்குறான்."

"அதுவும் இதுவும் ஒண்ணா?" என்றேன்.

"இல்ல. அது வேற, இது வேற. பூச்சி மருந்து மாதிரி நரம்பைப் பிடிக்கிற விஷத்துக்கும் பயிற்சி குடுத்தாக. ரொம்ப வேறயும் இல்ல."

"நீங்க அழிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா."

"அதுக்கு முன்னாடி?"

எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சேந்தப்ப என்ன வேலைன்னு எனக்கே தெரியாது. பயிற்சி முடிஞ்சப்புறம் அந்தத் திரவத்தைக் குண்டுல நெரப்புற எடத்துல போட்டாக. உன்னையக் கட்டுறதுக்கு முன்னாடியும் நெரப்புனேன், கட்டுன பெறகும் கொஞ்ச காலம் நெரப்புனேன். அப்புறம் அடுக்கி வச்சதைக் கசியுதா கசியலையான்னு தெனம் பாக்குற வேலை. அப்புறந்தான் அழிக்கிறது. நான் நெரப்புனதை நானே அழிச்சிருக்கேன்."

"எதுக்குச் செஞ்சீங்க? யார் மேல போடுறதுக்கு?"

"போடுறதுக்குச் செஞ்சமா, போடாம இருக்கறதுக்குச் செஞ்சமான்னு எனக்குத் தெரியாதும்மா. அதைக் கேக்குற எடத்துல நான் இல்ல. யார் மேலயும் போடல. அது மட்டும் தெரியும்."

"செய்யும்போது என்ன நெனச்சீங்க?"

"சம்பளத்தை நெனச்சேன். உன்னைய நெனச்சேன். தம்பி தோட்டத்துல பந்தலுக்கு ஊண்டுன கல்தூணு அந்தச் சம்பளத்துல வந்ததுதான்."

அவர் அங்கே நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.

"அழிக்கிறப்ப ஒரு நாள் நான் நெரப்புன வரிசை வந்துச்சு. நம்பரைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. அத்தனை வருஷத்துக்குப் பெறகும் ஒண்ணுல கூடக் கசிவு இல்ல. அந்த வெளிநாட்டு அம்மா, நீ இட்லி குடுத்தியே, அவுக அதைப் பாத்துட்டு, யாரு மூடுனாகளோ நல்லா மூடியிருக்காகன்னு சொன்னாக. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம், இதுக்குப் போய்ச் சந்தோஷப்படலாமான்னு இருந்துச்சு. அன்னிக்குத்தான் கையுறையைக் கழட்டுறப்ப அவசரப்பட்டுட்டேன்." இடது மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். "நீ படிச்சவ. நீ சொல்லு. ஒருத்தன் ஒண்ணைச் செய்றான். யார் மேலயும் போடல. அவனே அழிச்சிடுறான். அவனை என்னன்னு சொல்றது?"

சமன்பாட்டின் இரண்டு பக்கமும் சரியாக வந்தால் வகுப்பில் மதிப்பெண் போட்டுவிடுவேன். இதில் இரண்டு பக்கமும் சரியாகத்தான் வந்தது. ஆனாலும் எதுவோ மீதி நின்றது.

"பெயிண்ட் பத்தி நான் கேட்டதுக்கெல்லாம் எப்படிப் பதில் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"கல்யாணம் பேசுனதும் ஒரு புத்தகம் வாங்கிப் படிச்சேன். பொண்ணு கெமிஸ்ட்ரி படிச்சிருக்குன்னு சொன்னாகளே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. எனக்காக ஒரு மனிதர் உட்கார்ந்து படித்திருக்கிறார், என்னை ஏமாற்றுவதற்காக. அதைப் பிரியம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்பது இன்றுவரை எனக்குத் தீரவில்லை.

கொழுந்தனார் ஆறு நாளில் பிழைத்து வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் தேனியில் அலைந்து நல்ல கையுறை, கண்ணாடி, முகமூடி, முழுக்கைச் சட்டை எல்லாம் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். கொழுந்தனார் இரண்டு தடவை அவற்றைப் போட்டுக்கொண்டு மருந்தடித்தார். மூன்றாவது தடவை முகமூடி பந்தல் தூணில் தொங்கியது.

"வேக்காடு தாங்கலண்ணே. மூச்சு முட்டுது" என்றார்.

"செத்துப் போவடா."

"நம்ம அப்பன் காலத்துலருந்து அடிக்கிறோம். நீங்க பெயிண்டு கம்பெனியில இருந்துட்டு வந்து..." என்று கொழுந்தனார் சலித்துக்கொண்டார். அண்ணன் என்ன வேலை பார்த்தார் என்று அவருக்குச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் வரப்பில் உட்கார்ந்தார். ஒரு நாடு தன்னிடம் இருந்ததை ஒன்று விடாமல் அழித்த இடத்தில் நின்றவருக்கு, சொந்தத் தம்பி முகத்தில் ஒரு முகமூடியை நிற்கவைக்க முடியவில்லை. நான் அவரைப் பார்த்துப் பாவப்பட்டேன். அடுத்த நிமிஷமே, இவர் யாருக்காக எதை நிரப்பினார், அது விழுந்திருந்தால் அந்தப் பக்கத்து மனிதர்கள் எந்தத் தண்ணீரில் கழுவியிருப்பார்கள் என்று தோன்றியது. இரண்டு எண்ணமும் ஒன்றையொன்று அழிக்கவில்லை.

இந்த வருஷம் மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் குடும்பம். மாப்பிள்ளையும் கோயம்புத்தூரில்தான் இருக்கிறார். இருவரும் பேசிப் பழகிவிட்டார்கள், பெரியவர்கள் பார்த்துக்கொள்வது மட்டும் பாக்கி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கேசரி, வடை, காப்பி எல்லாம் ஆனது. மாப்பிள்ளையின் அப்பா சுமுகமான மனிதர்.

"நீங்க வடக்க எந்த டிபார்ட்மெண்டுல இருந்தீக?" என்று கேட்டார்.

நான் வழக்கமான பதிலுக்கு வாயெடுப்பதற்குள் என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். "கெமிக்கல் ஆயுதம்னு இருந்துச்சு. நாடு ஒப்பந்தம் போட்டு அதை அழிச்சாக. அந்த வேலை."

அவர் வெளி ஆளிடம் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. புத்தகத்தில் வந்ததற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று நான் மனசுக்குள் சமாதானம் தேடினேன். மகள் அடுப்படி வாசலில் நின்று அப்பாவையே பார்த்தாள்.

"அடேயப்பா, பெரிய வேலையில்ல" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. உண்மையாகவே வியந்தார். ஆனால் வியாபாரி. ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுக் கேட்டார். "அப்ப அதைச் செஞ்சது யாரு?"

"நாங்கதான்" என்றார் என் வீட்டுக்காரர்.

மாப்பிள்ளையின் அம்மா வடை நல்ல பதம் என்றார். நான் இன்னும் இரண்டு வைத்தேன். பேச்சு ஏலக்காய் விலைக்கும் போடி மெட்டு மழைக்கும் போனது. கிளம்பும்போது எல்லோரும் சிரித்தபடிதான் கிளம்பினார்கள். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று நாங்கள் மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னோம்.

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளையின் அம்மா எனக்கு ஃபோன் செய்தார். எங்களுக்குப் பூரண சம்மதம், தேதி பார்க்கலாம் என்றார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவரே குரலைத் தாழ்த்தி, "தப்பா நினைக்காதீக. அண்ணன் அந்த மாதிரி எடத்துல இருந்தாகளே. அதனால பிள்ளைக்கு உடம்புல ஒண்ணும் இல்லையே?" என்றார்.

இருபத்தைந்து வருஷமாக அவளை வளர்த்தவள் நான். காய்ச்சல், அம்மை, பல் முளைத்தது, கண்ணாடி போட்டது எல்லாம் தெரியும். இந்தக் கேள்வி மட்டும் எனக்கு ஒரு நாள் கூடத் தோன்றியதில்லை. எப்படித் தோன்றும்? ஒரு நிமிஷம் இருங்க, பாலை இறக்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லி ஃபோனைப் பொத்திக்கொண்டு, கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் போனேன். கேட்டேன்.

"வருஷா வருஷம் டெஸ்ட் எடுத்தாக. ரத்தம், நுரையீரல் எல்லாம். ஒண்ணும் இல்லன்னுதான் எழுதிக் குடுத்தாக" என்றார்.

"எனக்குத் தெரியாமலா?"

"தெரிஞ்சா கேப்பியே."

திரும்பி வந்து ஃபோனை எடுத்தேன். "ஒண்ணும் இல்லைங்க சம்பந்தி. பிள்ளை நல்லாருக்கா" என்றேன். அவர் நிம்மதியாகச் சிரித்தார். ஆவணியில் நாள் பார்ப்பதாக முடிவானது. பேசி முடித்துவிட்டு வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

"என்ன சொன்ன?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்."

"சரிதான்" என்றார். பேப்பரை ஒரு பக்கம் திருப்பினார். பிறகு அதை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சரிதானம்மா?"